இறக்கை காயும் மேஜை

அடியே, பெட்டியில் துண்டு துண்டாக வந்த என் ரிமோட் விமானத்தின் இறக்கையை ஒட்டிச் சாப்பாட்டு மேஜையில் காயவைத்திருக்கிறேன். மேஜையைவிட ஒரு முழம் நீளம், இடித்துக்கொள்ளாதே. அதன்மேல் பாரத்துக்கு வைத்திருக்கும் இஸ்திரிப் பெட்டியைச் சாயங்காலம்வரை எடுக்காதே. எடுத்தால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். விமானம் பறக்காது, குட்டிக்கரணம்தான் போடும்.

நேற்று வயிற்றில் கட்டி என்றேன். "போன வாரம் மொட்டை மாடியில ஒட்டகம் நிக்குதுன்னீங்க, இந்த வாரம் கட்டியா? போய் வேலையப் பாருங்க" என்று சிரித்தாய். உன்மேல் தப்பில்லை. ஆனால் ஒட்டகம் மட்டும்தான் பொய்.

ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். நாளைக் காலை அறுக்கிறார்கள். சாவி மீட்டர் பெட்டிமேல்.

இன்னொன்று: சிரித்துவிட்டோமே என்று அழுதுகொண்டு வராதே. ஆனால் வா. டாக்டரிடம் ஒரு கதைகூடச் சொல்ல வாய் வரவில்லை. பயமாக இருக்கிறது.