அம்மாவின் முகம் போட்ட போத்தல்

ஜம்பட்டா வீதி, கொட்டாஞ்சேனை, கொழும்பு
12 மார்ச் 2006

அன்புள்ள மெற்றில்டா அக்காவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் சுகம். அத்தானும் பிள்ளைகளும் குளிரில் கவனமாக இருங்கள். போனில் சொல்லத் தொடங்கினால் கார்ட் முடிந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

ஏற்றுமதித் திட்டக்காரர் நடத்திய பயிற்சிக்கு வெள்ளவத்தைக்குப் போய்வந்தேன். அக்கா, அருவருத்துப் போய்த் திரும்பினேன். ஹோட்டல் மண்டபம், நடுங்க நடுங்க ஏசி. துறைக்கொரு ஏற்றுமதித் திட்டமாம், வெங்காயம் வதக்கிச் சம்பல் போடுகிற நாங்கள் இனிமேல் ‘பதப்படுத்திய உணவுத் துறை’யாம். வத்தளையில் அப்பளம் போடுகிற ராக்கம்மா இரண்டு பஸ் மாறி வந்து, திரையில் ஓடிய இங்கிலிஷை மூன்று மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தா. திட்ட அலுவலர் புவாத் எனக்குக் கைகொடுத்துவிட்டு, மேசைக்குக் கீழே ரிஷூக் கடதாசியால் விரல்களைத் துடைத்தார். வெங்காய மணமல்லவா. மத்தியானம் அதே விரல்களால் என் சீனிச் சம்பலைப் பாண் துண்டில் பூசி இரண்டு தரம் சாப்பிட்டார்.

பின்னேரம் வந்த சட்டத்தரணி ஸ்ரீஸ்கந்தராசா மட்டும் தமிழில் விளங்கப்படுத்தினார். “இங்க பதிஞ்ச பேர் வெளிநாட்டில செல்லாது. சாமான் எந்த நாட்டுக்குப் போகுதோ அங்கயும் உங்கட பேரில பதியுங்கோ” என்றார்.

அம்மாவின் பெயரைப் போட்டு ‘மேபல் சீனிச் சம்பல்’ என்று நான் இங்கே பதிந்து வைத்திருக்கிறேன். கனடாவில் அத்தான்தானே என் போத்தல்களை எடுத்துக் கடைகளுக்குப் போடுகிறார். அங்கேயும் அதை என் பெயரில் பதிந்து தரச் சொல்லுங்கள். அம்மாவின் படம் போட்ட லேபலும் பதிவுப் பத்திரத்தின் பிரதியும் இதோடு வருகின்றன.

உங்கள் தங்கச்சி,
பிறிஜெற்


ஸ்காபரோ
4 ஏப்ரல் 2006

அன்புத் தங்கச்சி பிறிஜெற்றுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. லேபலில் அம்மாவின் முகத்தைக் கண்டதும் குசினியிலேயே இருந்து அழுதுவிட்டேன். பத்திரத்தை அத்தானிடம் கொடுத்திருக்கிறேன். “நான் பாக்கிறன்” என்றார். நீ அதை நினைத்து மண்டையை உடைக்காதே.

ஒரு காரியம். மாசிக் கருவாடு போடாத சம்பல் இருந்தால் சைவக்காரரும் வாங்குவார்கள் என்று கடைக்காரர் கேட்கிறார்களாம். எத்தனை வெங்காயத்துக்கு எவ்வளவு சீனி, புளி எப்போது விடுவது, எவ்வளவு நேரம் வதக்குவது, எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் எழுதி அனுப்பு. கடைக்காரருக்கு விளக்கிச் சொல்ல உதவும்.

உன் புருஷன் றேமண்டுக்கு முதுகு நோ எப்படி? பாரம் தூக்க விடாதே.

அன்புடன் அக்கா,
மெற்றில்டா


கொட்டாஞ்சேனை
17 செப்டெம்பர் 2006

அன்புள்ள அக்காவுக்கு,

மே மாதம் நீங்கள் கேட்டபடி செய்முறையை எழுதி அனுப்பினேன். ஜூனுக்குப் பிறகு அத்தானிடமிருந்து போத்தல் கேட்டு ஒரு ஓடரும் இல்லை. வெங்காயம் உரிக்க வருகிற இரண்டு பெண்களையும் வீட்டில் நிற்கச் சொல்லிவிட்டேன். போன் எடுத்தால் பிள்ளைகள்தான் எடுக்கிறார்கள், அம்மா குளிக்கிறா என்கிறார்கள்.

நேற்று இரண்டாவது பயிற்சி. வெளிநாட்டில் யார் யார் எந்தப் பெயருக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று இன்டர்நெட்டில் தேடிப் பார்க்க சட்டத்தரணி காட்டித் தந்தார். யாராவது ஒரு பெயர் சொல்லுங்கள் என்றார். நான் பெருமையாகக் கையை உயர்த்தி, கனடாவில் ‘மேபல்’ என்று பாருங்கள் என்றேன். அம்மாவின் முகம் திரை முழுக்க வந்தது. விண்ணப்பதாரர் ஹியூபேட் இராஜநாயகம்.

“இது ஆர்?” என்று சட்டத்தரணி கேட்டார்.

“என்ர அக்காவின்ர புருஷன்” என்றேன்.

ராக்கம்மா என் கையைப் பிடித்தா. புவாத் மட்டும் பக்கத்தில் வந்து, இது நல்ல உதாரணம், அறிக்கையில் போடலாமா என்று கேட்டார். நான் எழும்பினேன். வெளியே போய் வாய் கழுவிவிட்டு வந்தேன்.

உங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று எழுதுங்கள் அக்கா. அந்த ஒரு வரி போதும்.

பிறிஜெற்


ஸ்காபரோ
15 ஒக்டோபர் 2006

அன்புத் தங்கச்சிக்கு,

எனக்குத் தெரியாது என்று உனக்குப் பொய் எழுத மனம் வரவில்லை. படிவத்தை நிரப்பினது நான்தான். அத்தானுக்கு இங்கிலிஷ் எழுத்து அவ்வளவு வராது.

யாராவது பிறத்தி ஆள் பிடித்துக்கொள்வதற்கு முன் நாங்கள் பதிந்தோம், அவ்வளவுதான். குடும்பத்துக்குள்ளேதானே இருக்கிறது? அங்கே திரும்பவும் சண்டை, உன் பெட்டிகள் எப்போது வருமென்று தெரியாமல் கடைக்காரர் அத்தானை ஏசுகிறார்கள். அதனால்தான் சென்னையில் ஒரு தொழிற்சாலையில் உன் செய்முறையைக் கொடுத்துச் செய்விக்கிறார். லேபலில் உன் பெயரையும் சின்னதாகப் போடலாம் என்கிறார். அம்மா எனக்கும் அம்மாதானே, பிறிஜெற்.

இங்கே பக்கத்துக் கடை றவூப் நானா கொழும்புக்கு வருகிறார். அவரிடம் புதுப் போத்தல் ஒன்று கொடுத்துவிட்டிருக்கிறேன். ருசி பார்த்து என்ன குறை என்று சொல்லு. கோபிக்காதே.

அன்பு அக்கா,
மெற்றில்டா


கொட்டாஞ்சேனை
19 நவம்பர் 2006

அக்காவுக்கு,

றவூப் நானா போத்தலைக் கொண்டுவந்து தந்தார். திறந்ததும் காறல் எண்ணெய் நாற்றம். சிவப்புச் சாயம் விரலில் ஒட்டி, சவர்க்காரம் போட்டும் போகவில்லை. ஒரு கரண்டி வாயில் வைத்தேன், விழுங்க முடியாமல் தொட்டியில் துப்பினேன். போத்தலில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தா. சுடுதண்ணீரில் ஊறவைத்து அவவின் முகத்தை உரித்து எடுத்த பிறகுதான் போத்தலைக் குப்பையில் போட்டேன்.

அத்தானில் எனக்குக் கோபம். உங்களில் கோபம் இல்லை, அருவருப்பு. விண்ணப்பத்தின் திகதி ஏப்ரல் மூன்று. படிவத்தை நிரப்பிக் கொடுத்த மறுநாள்தான், அம்மாவைக் கண்டு அழுதேன் என்று எனக்கு எழுதிச் செய்முறையும் கேட்டிருக்கிறீர்கள்.

பதிவு இன்னும் முடியவில்லை, எதிர்க்க வழி இருக்கிறது என்று சட்டத்தரணி சொன்னார். ஆனால் படிவத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கடிதத்தைக் கனடாவில் காட்டவேண்டும். “கூடப் பிறந்தவ. வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ” என்றார். வீட்டில் இவரும் அதையே சொன்னார். நான் ஒரு கிழமை யோசித்தேன். வெள்ளிக்கிழமை கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

வழக்குச் செலவைத் திட்டம் ஏற்கிறது. அதற்குப் பதிலாக என் கதை அவர்களின் அறிக்கையில் வரும். புவாத் படமெடுக்க வந்தார். அந்த மனிதருக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கவும் சிரித்தேன். அதுவும் எனக்கு அருவருப்புத்தான், ஆனாலும் நின்றேன்.

வருகிற மாதம் அம்மாவின் நினைவு ஆண்டுப் பூசை. உங்கள் பெயரையும் சேர்த்துத்தான் கோயிலில் கொடுத்திருக்கிறேன். அது அம்மாவுக்காக.

இனி எழுதுவதென்றால் வீட்டுக்கு எழுத வேண்டாம். சட்டத்தரணியின் விலாசத்தை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பிறிஜெற் றேமண்ட்
உரிமையாளர், மேபல் சீனிச் சம்பல்