படத்தில் தெரிந்த பதக்கம்

ஹாரோ, இலோய்லோ
மார்ச் 9

அன்புள்ள மரிவிக்,

வியன்னாவில் குளிர் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். கடிதத்தோடு ஒரு குறுந்தகடு இருக்கிறது. விடுமுறை முடிந்து திரும்பும் உன் தோழியிடம் கொடுத்தனுப்புகிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். நீ அழுவாய், நான் கோபப்படுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும்.

சென்ற மாதம் மாதா கோயில் படியில் மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டேன். வெயில்தான் காரணம் என்று சொல்லியும் கேட்காமல், நெனிங் என்னை இதய டாக்டரிடம் இழுத்துப் போனாள். இருபது வருடம் என் சமையலறையில் இருந்தவளுக்கு அந்த அளவு அதிகாரம் வந்துவிட்டது. டாக்டர் பெயர் பல்மாரெஸ். முப்பத்தைந்து வயதிருக்கலாம். நடக்கவைத்து ஒரு சோதனை செய்தார், ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டும் என்றார். அந்த மருத்துவமனை வாசலில் புது இயந்திரம் வந்திருப்பதாக ஆள் உயரத்துக்கு ஒரு பலகை நிற்கிறது. இயந்திரம் வாங்கியவர்களுக்கு இதயங்கள் வேண்டும் அல்லவா?

முதலில் சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை. இதயத்துக்கு வந்தவளுக்கு அது எதற்கு என்று கேட்டேன். ரத்தக் குழாயில் செலுத்தும் சாயம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்றார். முன்பு எந்த மருந்துக்காவது உடம்பு தடித்ததா என்று கேட்டார். என் சர்க்கரை மாத்திரையை இரண்டு நாள் நிறுத்தினார். எல்லாம் நியாயமான பதில்கள். நியாயமான பதிலைத் தயாராக வைத்திருப்பவர்களிடம் நான் கூடுதலாகவே எச்சரிக்கையாக இருப்பேன்.

ஒப்புதல் படிவத்தை முழுவதும் படித்தேன். படம் எடுக்க என்று தொடங்கி, ஒன்பதாம் வரியில், தேவைப்பட்டால் அப்போதே அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட்டும் வைக்கலாம் என்றிருந்தது. ஒரே கையெழுத்தில் இரண்டு சம்மதம்! அந்த வரியை மையால் அடித்து, படம் மட்டும் என்று எழுதி, டாக்டரையும் பக்கத்தில் கையெழுத்திட வைத்தேன். "இதை யாரும் படிச்சு நான் பார்த்ததே இல்லை மேடம்" என்றார். மற்றவர்கள் படிப்பதில்லை என்பது அவருக்குத் தெரிந்தே இருக்கிறது என்று குறித்துக்கொண்டேன்.

படம் எடுத்த அன்று காலை, வெறும் வயிற்றோடு இருந்தவளிடம் ஒரு நர்ஸ் வந்து, "நகை, பல்செட், ஹேர்பின் எல்லாத்தையும் கழட்டிருங்க பாட்டி" என்றாள். நான் உனக்குப் பாட்டி இல்லை, மிசஸ் குஸ்தீலோ என்றேன். "சரிங்க, மிசஸ் குஸ்தீலோ பாட்டி" என்றாள். எல்லாம் கழற்றினேன், மாதா பதக்கத்தைத் தவிர. மூன்று வயதில் நீ கதவிடுக்கில் வைத்து நசுக்கினாயே, அதேதான். அங்கியின் உட்புறம், இடது மார்பில் ஊக்கால் குத்திக்கொண்டேன். அறையில் என்ன நடந்தாலும் சாட்சிக்கு ஒருத்தி வேண்டும்.

வலது மணிக்கட்டில் ஓர் ஊசிக்குத்து, அவ்வளவுதான் வலி. "இப்ப உடம்பெல்லாம் சூடாகும். ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரி இருக்கும், ஆனா போயிருக்க மாட்டீங்க, பயப்படாதீங்க" என்றாள் அதே நர்ஸ். அப்படியே நடந்தது. அவள் சொல்லாமல் இருந்திருந்தால் வெட்கத்திலேயே செத்திருப்பேன். இடையில், கொடுத்த மருந்தில் கண் அசந்துவிட்டது. விழித்தபோது மணிக்கட்டில் இறுக்கமான பட்டை. பதக்கமோ மார்பில் இல்லை, வலது தோளில் இருந்தது. என் உடையை யாரோ திறந்திருக்கிறார்கள்.

மறுநாள் டாக்டர் மூன்று குழாய்களில் அடைப்பு, ஸ்டென்ட் சரிவராது, நெஞ்சைத் திறந்து அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்றார். சிறியதைப் படிவத்தில் நான் அடித்ததற்குப் பழியாகப் பெரியதைக் கொண்டுவருகிறார் என்றே நினைத்தேன். படங்கள் இருந்த உறையைத் திருப்பினால் வயது அறுபத்தெட்டு என்றிருந்தது. எனக்கு எழுபத்தெட்டு. அன்று பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி, தினமும் பன்றி வறுவல் இல்லாமல் சோறு இறங்காது என்று பெருமையடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த வயதுதான் இருக்கும். இது அவளுடைய இதயம், படத்தைக் காட்டுங்கள் என்றேன்.

டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். "முதல் படத்தைப் பாருங்க மிசஸ் குஸ்தீலோ. இதயத்து மேல கிடக்குதே, அது என்னன்னு நீங்களே சொல்லுங்க."

நீள்வட்டமாக ஒரு நிழல், ஓர் ஓரம் நசுங்கி. பக்கத்தில் ஊக்கு. மூச்சோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"குழாயை மறைச்சுது, அதான் நான் தோளுக்கு மாத்தினேன். கழட்டியிருந்தா முழிச்சதும் என்னைத்தானே திருடின்னு சொல்லியிருப்பீங்க?" என்றாள் அறைக்குள் நின்றிருந்த அதே நர்ஸ். சொல்லியிருப்பேன். வயதைத் தப்பாக எழுதிய குமாஸ்தாவை டாக்டர் என் முன்னாலேயே கூப்பிட்டுத் திருத்த வைத்தார். அந்த மூன்று அடைப்பும் என்னுடையவைதான், மரிவிக்.

அந்தப் படங்கள்தான் குறுந்தகட்டில் இருக்கின்றன, அங்கே உங்கள் டாக்டர்களிடம் காட்டு. அடைப்பை அவர்கள் பார்க்கட்டும், நீ முதல் படத்தைப் பார். நசுக்கியதற்காக அன்று உன்னை முழந்தாளிட வைத்தேன். அந்த நசுங்கல் இல்லாவிட்டால் இந்தப் படத்தை நான் இன்றும் நம்பியிருக்க மாட்டேன்.

எனக்காக லீவு எடுக்காதே என்று உன் அப்பாவின் அடக்கத்தன்று சொன்னேன். ஒன்பது வருடம் அதை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிப்பாய் என்று எதிர்பார்க்கவில்லை.

ஈஸ்டர் முடிந்து இரண்டாம் திங்கட்கிழமை அறுவைச் சிகிச்சை. அன்று பதக்கத்தைத் தோளுக்குக்கூட மாற்ற முடியாதாம், கழற்றியே ஆக வேண்டுமாம். நர்ஸிடம் கொடுக்க மாட்டேன். நெனிங் எதையும் எங்காவது வைத்துவிட்டுத் தேடுகிறவள். நான் கண் விழிக்கும்வரை அதைக் கையில் வைத்திருக்க ஓர் ஆள் வேண்டும்.

மாதா உன்னைக் காக்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் அம்மா,
புரிபிகாசியோன்