தானே மடியும் பெட்டியும் எல்லம்மாவின் ஊசியும்

என் வீட்டுக்காரருக்கு, நீங்கள் இல்லாத வீட்டிலிருந்து கன்னியம்மா எழுதுவது.

அஞ்சாங்கிளாஸ் படிப்போடு எழுதுகிறேன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் விளங்கவில்லை, தலை சுற்றுகிறது. யாரிடம் கேட்பது என்று தெரியாமல்தான் உங்களிடம் வருகிறேன்.

நம்ம பேத்தி செல்வி ஆராய்ச்சிக்கூடத்தில் பெட்டி செய்கிறாள். கண்ணுக்கே தெரியாத பெட்டி. அப்பா ஜாடை, அம்மா ஜாடை எல்லாம் நம் உடம்புக்குள் டிஎன்ஏ என்ற நூலில்தான் இருக்கிறதாம். அந்த மாதிரி நீள நூல் ஒன்று, குட்டிக் குட்டி நூல் நிறைய, எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டுச் சூடாக்கி மெதுவாக ஆறவிடுகிறார்கள். ஒவ்வொரு குட்டி நூலும் தன் ஜோடி இருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, நீள நூலை இழுத்து மடித்து, பெட்டியாகிவிடுமாம். எது எங்கே ஒட்ட வேண்டும் என்று முன்னாலேயே கம்ப்யூட்டரில் திட்டம் போடுவதுதான் இவள் வேலை.

பல்லாவரத்தில் முப்பது வருஷம் தோல் பை தைத்தவர் நீங்கள். சொல்லுங்கள், கை படாமல் ஒரு பை தானே தைத்துக்கொள்ளுமா? "யாருடி புடிச்சு மடிக்கிறது?" என்று கேட்டேன். "யாரும் இல்ல ஆயா, அதுவே மடிஞ்சிக்கும்" என்று சிரிக்கிறாள்.

அதற்குள் மருந்தை வைத்துப் பூட்டிவிட்டால், புற்றுநோய் பிடித்த இடத்தில் மட்டும் பூட்டு திறக்குமாம். நல்ல இடத்தைத் தொடாதாம். கேட்டதும் உங்கள் நினைவுதான். இதே நோய்க்கு ஊசி போட்டு வந்த நாட்களில் வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சிகூட இறங்காமல் கிடந்தீர்களே.

போன மாசம் "பெட்டி வந்துருச்சு ஆயா!" என்று செல்வி குதித்தாள். பெருமை தாங்காமல் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். நம்ம தெருவுக்கு மீன் கொண்டுவரும் எல்லம்மாவுக்கு மார்பில் அதே நோய். "என் பேத்தி மருந்துப் பெட்டி செஞ்சிட்டாடி. இனிமே முடி கொட்டாது, வாந்தி வராது" என்று சொல்லிவிட்டேன். அவள் அடுத்த ஊசிக்குப் போகவில்லை. "அந்தப் பேஜாரு இன்னாத்துக்குக்கா? உம் பேத்தி பொட்டி வரட்டும், பாத்துக்கலாம்" என்கிறாள்.

செல்வியிடம் சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ ஆயா! இன்னும் டியூப்லதான் பாத்துட்டிருக்கோம். அடுத்து எலி. மனுஷங்களுக்கு எப்ப வரும்னு எனக்கே தெரியாது. அவங்கள உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு!"

பெட்டி வந்துவிட்டதாம். மருந்து வரவில்லையாம். இது என்ன கூத்து?

ஓடிப்போய் எல்லம்மாவிடம் சொன்னேன். நம்பவில்லை. "போன மாசம் கீதுன்ன, இந்த மாசம் இல்லன்ற. எங்கையால மீனு வாங்கித் துன்னுகினு, எனக்கு ஒரு பொட்டி தர மனசு வரலியாக்கா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கண் சிரிக்கவில்லை.

நான் பெருமைக்காகச் சொன்னேனா, இன்னொருத்தி உங்களை மாதிரி அவதிப்படக் கூடாது என்று சொன்னேனா? அந்த ஊசிதான் உங்களை இன்னும் இரண்டு வருஷம் எங்களோடு வைத்திருந்தது. அதை ஏன் அவளிடம் சொல்ல மறந்தேன்?

நாளைக் காலையில் செல்வியையும் கூட்டிக்கொண்டு எல்லம்மா வீட்டுக்குப் போகிறேன். செய்கிறவளே வாய் திறந்து சொன்னால் நம்புவாள். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன், கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றி, நானும் கூடவே போவேன். உங்களுக்கு மருந்து ஏறும்போது பார்க்கப் பயந்து வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு ஏறும்போது உள்ளேயே பக்கத்தில் உட்காருவேன், கடைசிச் சொட்டு இறங்கும்வரை. உங்கள்மேல் சத்தியம்.

உங்கள் பெண்சாதி, செல்வியின் ஆயா,
கன்னியம்மா
சேலையூர்