நவம்பர் 2016 வரை

ஃபோர்ட் வேன், இண்டியானா
6 மே 2013

அப்பாவுக்கு,

நானும் ஷானாவும் நல்லா இருக்கோம். அவளுக்கு அஞ்சு மாசம். பையன்தான்னு டாக்டர் சொல்லிட்டாங்க. இதெல்லாம் போன்லயே சொல்லியிருப்பேன். போன தடவை நான் பேச்சை ஆரம்பிச்சதுமே நீங்க வச்சுட்டீங்க, அதான் எழுதறேன்.

வீடு வாங்கக் கேட்ட கடன் நின்னுபோச்சு. பேங்க்ல என் கிரெடிட் ரிப்போர்ட்டை, அதான் என் கடன் வரலாறை, எடுத்துப் பார்த்திருக்காங்க. நான் 2006-ல திவாலானவன்னு அதுல கோர்ட் பதிவு இருக்கு. அப்போ கடையோட திவாலானது நீங்க. உங்களுக்கும் எனக்கும் ஒரே பேர், ஹார்லன் ரே டாக்கெட். அன்னைக்கு வீட்டு விலாசமும் ஒண்ணுதான். என் பேருக்குப் பின்னால இருக்கற ‘ஜூனியர்’ங்கறதை எவனும் பாக்கலை. நான் வேற ஆளுன்னு ரிப்போர்ட் கம்பெனிக்கு எழுதினேன். ‘சரிபார்த்தாச்சு, பதிவு சரியானது’ன்னு ஒரு அச்சடிச்ச தாள் வந்துச்சு. சரிபார்த்தானாம், கிழிச்சான்.

திவால் பதிவு, மனு போட்ட நாள்லேர்ந்து பத்து வருஷம் நிக்குமாம். அப்படின்னா 2016 நவம்பர் வரைக்கும். பேங்க்ல கடன் பாக்கற அம்மா நல்லவங்க. “உங்க அப்பாவை நோட்டரி முன்னால உக்காந்து, இது என்னோட கேஸ், என் மகனோடது இல்லைன்னு கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்க, மீதியை நான் பாத்துக்கறேன்”னாங்க. வீட்டை விக்கறவர் ஜூலை கடைசி வரைக்கும் காத்திருப்பார். தாளை டைப் பண்ணி இதுக்குள்ள வச்சிருக்கேன். கையெழுத்துதான் பாக்கி.

ஜூனியர்


பெல் கிராசிங், ஒஹாயோ
21 மே 2013

அன்பு மகன் ஜூனியருக்கு,

அப்பா எழுதறது. இங்க மழை விட்டபாடில்லை. தக்காளி நாத்தெல்லாம் தண்ணியில நிக்குது. ஷானாவை மாடிப்படி ஏறி இறங்க விடாதே.

பேரனுக்கு வெள்ளிக் கப் வாங்கியாச்சு. ‘ஹார்லன் ரே டாக்கெட், மூன்றாமவர்’னு பொறிக்கக் கொடுத்திருக்கேன். உனக்கு ஆறு வயசுல கடைப் பலகையில ‘டாக்கெட் அண்ட் சன்’னு எழுதினப்போ, நீ ஏணிக்குக் கீழ நின்னு பெயிண்ட் டப்பாவைப் பிடிச்சே. ஞாபகம் இருக்கா?

தாளைப் பார்த்தேன். தப்பு அவனுங்க பண்ணது, அவனுங்களே திருத்தட்டும். என்ன அவசரம்? இன்னொண்ணு. ‘திவால்’ங்கற வார்த்தையை இப்படிக் கடுதாசியில எல்லாம் எழுதாதே. நம்ம தபால்காரன் லெஸ்டர் உறையை வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கற ஆளு.

ஆசிகளுடன்,
அப்பா


ஃபோர்ட் வேன்
10 ஜூன் 2013

அப்பாவுக்கு,

என்ன அவசரமா? மாடிப்படி ஏற விடாதேங்கறீங்க. நாங்க இருக்கறதே மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஆகஸ்ட்டோட வாடகை ஒப்பந்தம் முடியுது, வீட்டுக்காரன் புதுப்பிக்க மாட்டேங்கறான். வேற வாடகை வீடு பாக்கலாம்னா, அவனும் முதல்ல கேக்கறது அதே ரிப்போர்ட்டைத்தான். போன வாரம் ஒரு கிழவர், “திவாலானவனுக்கெல்லாம் வீடு கொடுக்கறதில்லை தம்பி”ன்னு கதவைச் சாத்தினார். நான் வாங்கின கடன் ஒரு பழைய காருக்கு. ஒரு தவணை பிந்தாம கட்டி முடிச்சவன் நான்.

உப்பைத் தின்னது நீங்க, தண்ணி குடிக்கிறது நான். கப் அப்புறம் இருக்கட்டும். கையெழுத்தை அனுப்புங்க.

ஜூனியர்


பெல் கிராசிங்
24 ஜூன் 2013

ஜூனியர்,

அப்பன்கிட்ட பேசற பேச்சா இது? உங்க அம்மா இருந்திருந்தா இப்படி எழுதியிருப்பியா?

கேக்கறே இல்ல, சொல்றேன். இந்த ஊர்ல நோட்டரி முத்திரை இருக்கறது பேங்க்ல வேலை பாக்கற வாண்டாகிட்ட மட்டும்தான். சர்ச் பாடகர் குழுவுல முன்வரிசை. அவ காதுல ஒண்ணு விழுந்தா, ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு எல்லாரும் உக்காந்து சாப்பிடறப்போ உருளைக்கிழங்கோட சேர்த்துப் பரிமாறிடுவா. முழங்கால் வலிக்குதுன்னு கடையை நல்ல விலைக்கு வித்துட்டு ஓய்வெடுத்தவன்னுதான் ஊருக்கு என்னைத் தெரியும். சர்ச்ல காணிக்கைத் தட்டு ஏந்தறவன் நான். அந்தத் தட்டை ஏந்திக்கிட்டு அப்புறம் யார் மூஞ்சியைப் பாக்கறது?

நீ சின்னவன், தாங்குவே. மூணு வருஷம்தானே, தானா போயிடும்.

அப்பா


ஃபோர்ட் வேன்
1 ஜூலை 2013

அப்பாவுக்கு,

‘மூணு வருஷம்தானே’ங்கற வரியை ஷானாவுக்குப் படிச்சுக் காட்டினேன். பாதியிலயே எழுந்து போயிட்டா.

மீன் பிடிக்க நாப்பது மைல் வண்டி ஓட்டறீங்க. அடுத்த டவுன் பதினஞ்சு மைல். அங்க இருக்கற நோட்டரிக்கு நீங்க யாருன்னே தெரியாது. ட்ரக் ஓடலைன்னா சொல்லுங்க, நான் வந்து கூட்டிட்டுப் போறேன். நீங்க வாய்கூடத் திறக்க வேண்டாம்.

ஊருக்குள்ள நீங்க பெரிய மனுஷனா நடமாட, நான் இங்க திவாலானவனா அலையணுமா? இதுக்கு மட்டும் பதில் எழுதுங்க. மழை, தக்காளி எல்லாம் வேண்டாம்.

ஹார்லன்


பெல் கிராசிங்
12 ஆகஸ்ட் 2013

ஜூனியருக்கு,

கையெழுத்துப் போட்டுட்டேன், இதுல இருக்கு. அடுத்த டவுன்லதான். ரெண்டு தடவை போய் வாசல்லேர்ந்தே திரும்பி வந்தேன். மூணாவது தடவை உள்ள போனேன். அந்தப் பொண்ணு நிமிர்ந்துகூடப் பாக்கலை.

கப்பும் இந்தப் பார்சல்லயே இருக்கு.

அப்பா


ஃபோர்ட் வேன்
23 செப்டம்பர் 2013

அப்பாவுக்கு,

உங்க தாள் வேலை செஞ்சுது. என் ரிப்போர்ட்லேர்ந்து அந்தப் பதிவை எடுத்துட்டாங்க. வீடுதான் இல்லை. ஜூலை முப்பத்தொண்ணு சாயங்காலம் வரைக்கும் காத்திருந்த மனுஷன், ஆகஸ்ட் ரெண்டாம் தேதி வேற ஆளுக்கு வித்துட்டார். உங்க பார்சல் வந்தப்போ அந்த வாசல்ல வாங்கினவங்களோட ஊஞ்சல் தொங்கிக்கிட்டிருந்துச்சு. வண்டியை மெதுவா விட்டு நானே பார்த்தேன்.

ஷானாவோட அக்கா வீட்டு நிலவறையில இருக்கோம். துணி துவைக்கிற மெஷினுக்குப் பக்கத்துல தொட்டில்.

பதினெட்டாம் தேதி பையன் பிறந்தான். வெண்டெல்னு பேர் வச்சிருக்கோம். உங்க வம்சத்துலயும் சரி, அவ வம்சத்துலயும் சரி, யாருக்கும் இல்லாத பேராத் தேடி வச்சோம். இவன் பண்ணாத தப்பு இவன் பேர்ல வந்து உக்காரக் கூடாது. கப்பைத் திருப்பி அனுப்பறேன். அதுல இருக்கற பேர்ல இந்த வீட்டுல குழந்தை யாரும் இல்லை.

ஹார்லன்


பெல் கிராசிங்
7 அக்டோபர் 2013

மகனுக்கு,

கப் வந்து சேர்ந்துச்சு. ரெண்டு நாள் மேஜை மேலயே வச்சிருந்தேன். உன் மேல வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அப்புறம் கோபம் எந்தப் பக்கம் திரும்பணுமோ அந்தப் பக்கம் திரும்பிச்சு.

ஞாயித்துக்கிழமை சர்ச்ல, ஜெப விண்ணப்பம் யாருக்காவது இருக்கான்னு பாதிரியார் கேட்டப்போ எழுந்து நின்னேன். கடையை விக்கலை, திவாலானேன், முழங்காலுக்கு ஒண்ணும் இல்லை, ஒரு கையெழுத்தை இழுத்தடிச்சு என் மகன் வீட்டைக் கெடுத்தேன்னு சொன்னேன். ஒருத்தர்கூட ஆச்சரியப்படலை. வெளிய வந்தப்புறம் வாண்டா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, “ஹார்லன், 2006-லயே மாவட்டப் பத்திரிகையில கோர்ட் பகுதியில போட்டிருந்தாங்களே. எங்க எல்லாருக்கும் அப்பவே தெரியும். உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் கேக்கலை”ன்னா. லெஸ்டர் பக்கத்துல நின்னு தலையாட்டறான்.

ஏழு வருஷமா முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கேன், ஊரே பாத்துக்கிட்டு இருந்திருக்கு. நான் எங்கெங்கே முழங்காலைத் தடவிக் காட்டினேனோ அதெல்லாம் ராத்திரி ஞாபகம் வருது.

வெண்டெல். நல்ல பேர்தான். சத்தமாச் சொல்லிப் பார்த்தேன். அவனைப் பாக்க எப்ப வரலாம்? நிலவறையா இருந்தாலும் பரவாயில்லை, தரையில படுத்துக்கறேன்.

அப்பா


ஃபோர்ட் வேன்
19 அக்டோபர் 2013

அப்பாவுக்கு,

உங்க கடுதாசியைப் படிச்சுட்டு ஷானா அழுதா. எனக்குக் கோபம்தான் வந்துச்சு, முன்னைவிட அதிகமா. ஊருக்கே தெரிஞ்ச விஷயம் ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு என் வீட்டைக் கொடுத்திருக்கீங்க. எதையாவது காப்பாத்தியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

எப்ப வரலாம்னு கேட்டிருக்கீங்க. அந்தப் பதிவு என் பேர்ல இருந்தப்போ நானும் ரிப்போர்ட் கம்பெனியில ஒருத்தங்ககிட்டக் கேட்டேன், “ஒழுங்கா நடந்துக்கிட்டா சீக்கிரம் எடுப்பீங்களா?”ன்னு. “உண்மையான பதிவுன்னா முடியாது சார், நாள் வந்தா தானா போகும்”னாங்க. எனக்குள்ள இருக்கற கோபமும் இப்ப அப்படித்தான். நானா எடுக்கப் பார்த்தேன், வரலை.

அதனால 2016 நவம்பர்ல வாங்க. மூணு வருஷம்தானே. வெண்டெலுக்குப் பேசற வயசா இருக்கும். தாத்தா, உங்க பேர் என்னன்னு கேப்பான். நீங்களே சொல்லுங்க.

ஹார்லன்