சரிகை சுற்றிய ஒயர்

என் ஸ்டெல்லா அப்பாவுக்கு,

என்னங்க, நல்லா இருக்கீங்களா? போன இடத்திலும் யாராவது பழைய ரேடியோவைக் கொடுத்திருப்பார்கள், நீங்களும் சோறு தண்ணி மறந்து அதை நோண்டிக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. நான் இன்னும் அதே மில்லில்தான் பட்டு நூல் சுற்றுகிறேன். ஸ்டெல்லா வேலூரில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ சேர்ந்துவிட்டாள். அதைச் சொல்லத்தான் எழுத நினைத்தேன். அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பரண்மேல் இருந்த உங்கள் பிஸ்கட் டப்பாவை அவள் இறக்கினாள். “காலேஜ்ல பிரெட்போர்டு வாங்கினு வரச் சொல்றாங்கம்மா. அப்பாவோடது சும்மாதானே கீது?” என்றாள். அந்த மில் விஷயத்துக்குப் பிறகு நீங்கள் மூடிய டப்பா அல்லவா?

மில்லில் நூல் அறுந்தால் தானாக மணி அடிக்க வேண்டும், அப்படி ஒன்று செய்து முதலாளியிடம் காட்ட வேண்டும் என்பது உங்கள் ஆசை. மெட்ராஸ் போய் பிரெட்போர்டு என்கிற அந்த வெள்ளைப் பலகையை வாங்கி வந்தீர்கள். உடம்பெல்லாம் ஓட்டை. “பத்தவைக்கவே வேணாம். ஓட்டையில ஒயரைக் குத்தினா போதும், தப்பாப் போச்சுன்னா புடுங்கி வேற எடத்துல குத்திக்கலாம்” என்று குழந்தை மாதிரி காட்டினீர்கள். பழைய ஒயரைச் சாண் சாணாக வெட்டி, இரண்டு முனையிலும் தோலைச் சீவினீர்கள். எல்லாம் ஒரே கறுப்பு. எது எங்கே போகிறது என்று தெரியாமல் ஒரே பேஜார். பெயர் எழுதிக் காகிதம் ஒட்டினால் பசை காய்ந்து உதிர்ந்துவிடும்.

“இங்க குடுங்க” என்று நான்தான் வாங்கினேன். நம் வீட்டில் நிறத்துக்கா பஞ்சம்? மில்லில் கழித்த பட்டு நூலை எடுத்து ஒவ்வொரு முனையிலும் நெருக்கிச் சுற்றினேன். மணிக்குப் பச்சை, சுவிட்சுக்கு மஞ்சள், பேட்டரி மைனஸுக்கு ஊதா. பிளஸ்ஸுக்கு என்ன சுற்ற என்று கேட்டேன். “அதான் எல்லாத்துக்கும் உசுரு” என்றீர்கள். உயிருக்குப் போய்க் கழிவு நூலா சுற்றுவேன்? முந்தானைக்கு வாங்கியதில் மிஞ்சிய வெள்ளிச் சரிகையைச் சுற்றினேன். “அடேங்கப்பா, ஒயருக்குக் கல்யாணமா?” என்று சிரித்தீர்கள். சரிகையில் வெள்ளி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வெள்ளியில் கரண்ட் பாயும் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்க நமக்குத் தோன்றவே இல்லை.

வீட்டில் சுவிட்சில் ஒரு நூலைக் கட்டி அறுத்துப் பார்த்தபோது மணி நன்றாகத்தான் அடித்தது. சைக்கிளில் கட்டி மில்லுக்குக் கொண்டுவந்தீர்கள். முதலாளி, வேலையாட்கள், நான், எல்லாரும் சுற்றி நின்றோம். நீங்கள் நூலை அறுத்தீர்கள். மணி அடிக்கவில்லை. மறுபடி அறுத்தீர்கள். மூச்சில்லை. உங்கள் கழுத்தெல்லாம் வேர்த்தது. அப்போதுதான் என் பாழும் வாய் திறந்தது.

“ஒரு மணி அடிக்கத் துப்பில்ல, வந்துட்டாரு எஞ்சினீரு! ஜல்தியா எடுத்துகினு கெளம்புங்க, மானம் போவுது.”

எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து தெருவில் உங்களுக்கு ‘மணியடிச்சான்’ என்றே பெயராகிவிட்டது.

சாயங்காலம் முழுக்க அந்தப் பலகையையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என்னதான் ஆச்சு என்றேன். “எங்கையிலதான் தப்பு. பிளஸ்ஸையும் மைனஸையும் மாத்திக் குத்திட்டேன்” என்றீர்கள். அதானே பார்த்தேன் என்றேன். பாவி, அதையும் சொன்னேன். அதற்கப்புறம் நீங்கள் எதையுமே புதிதாகச் செய்யவில்லை. இரண்டே வருஷம், நெஞ்சு வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா ஒயர்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டே கேட்டாள். “எல்லாத்துலயும் நீ பட்டு சுத்தியிருக்கே. இது ஒண்ணுல மட்டும் ஏம்மா தையல் நூலு?”

வாங்கிப் பார்த்தேன். சிவப்புத் தையல் நூல், கோணல்மாணலாக, முடிச்சுமேல் முடிச்சு. பட்டு நூலோடு புழங்கும் எங்கள் வீட்டில் பிறந்த யாரும் அப்படி முடிச்சுப் போட மாட்டார்கள். அது உங்கள் முடிச்சு. டப்பாவின் அடியில் ஒரு பொட்டலம், அதற்குள் பிளஸ் ஒயரிலிருந்து பிரித்த என் சரிகை. ஒரு முனை கறுத்துப் போயிருந்தது.

ஸ்டெல்லா அதில் டப்பாவிலிருந்த உங்கள் மீட்டரை வைத்துக் காட்டினாள். “சரிகையில கரண்ட் பாயுதும்மா. சைக்கிள் ஆட்டத்துல பிரிஞ்சி பக்கத்து ஒயரைத் தொட்டிருக்கும். அப்புறம் மணிக்கு எங்க கரண்ட் போவும்?”

அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டீர்கள், இல்லையா? உன் சரிகைதான்டி கெடுத்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் குதித்திருப்பேன், அழுதிருப்பேன், மறுநாள் நானே உங்களை மில்லுக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பேனே! என்னைக் காப்பாற்ற நீங்கள் ஏன் அந்தப் பெயரைச் சுமந்தீர்கள்? அந்த ரெண்டு வருஷமும் என் கையால் சாப்பிட்டீர்களே, எப்படி இறங்கியது?

உங்கள் தையல் நூல் ஒயரையே குத்தி, புது பேட்டரி போட்டாள் ஸ்டெல்லா. சுவிட்சில் கட்டிய நூலை நான் அறுத்தேன். மணி அடித்ததுங்க. நிறுத்த மனசு வராமல் அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

முதலாளி இன்னும் என்னை ‘மணியடிச்சான் பொண்டாட்டி’ என்றுதான் கூப்பிடுகிறார். நாளைக்குக் காலையில் இந்த டப்பாவை மில்லுக்கு எடுத்துக்கொண்டு போகப்போகிறேன். அன்று சிரித்தவர்கள் எல்லாரையும் அதே இடத்தில் நிற்கவைத்து, கெடுத்தது நான்தான் என்று சத்தமாகச் சொல்வேன். சொல்லிவிட்டு நூலை அறுப்பேன். நீங்களும் காது கொடுத்துக் கேளுங்கள்.

உங்கள் வாயாடி,
ஸ்டெல்லா அம்மா