பாகூர் ஏரியில் ஒரே தாய்

அண்ணனுக்கு ஸலாம்.

போன் பண்ணேன், நீ எடுக்கலை. அதான் எழுதி, குளத்துக் காவல்காரர் சாமிநாதன்கிட்ட குடுத்தனுப்புறேன்.

"ஏரியில எவ்ளோ நீர்நாய் சுத்துது, ஒண்ணு செத்தா இன்னா?"ன்னு நேத்து கேட்டே. நான் ஆராய்ச்சிக்காக ஏரி முழுக்கப் பொறுக்கின நீர்நாய் எச்சத்தோட மரபணு ரிசல்ட் இன்னிக்குக் காலையில வந்துச்சு. இருக்கிறது ஒரே ஒரு தாயும் அதோட குட்டிங்களும்தான் அண்ணே.

உடனே நம்ம மீன்குளத்துக்கு ஓடியாந்தேன். நீ வெச்ச கூண்டுல தாய் மாட்டியிருந்துச்சு. வெளியே குட்டிங்க கத்துதுங்க.

நான்தான் திறந்துவிட்டேன். என் கையைக் கடிச்சிட்டு, குட்டிங்களோட ஏரிக்குள்ள பாய்ஞ்சிடுச்சு.

நீர்நாய் தின்னு நம்ம மீன் போற வயித்தெரிச்சல் எனக்கும் தெரியும். ஆனா சாமிநாதனைத் திட்டாதே.

ஆஸ்பத்திரியில ஊசி போட்டுக்கிட்டு வூட்டுக்குத்தான் வரேன். கதவைச் சாத்திடாதே.

உன் தங்கச்சி