கொடி ஆடாத காலை

பக்கத்து வாழைத் தோட்டத்தில் இன்று காலை பூச்சி மருந்து அடித்தார்கள். ஜன்னல் வழியாக அந்த வாடை வந்ததும் எழுந்து உட்கார்ந்து ஆகாயத்தைப் பார்த்தேன். மருந்து அடித்தவனோ முதுகில் டப்பாவோடு தரையில் நடந்துகொண்டிருந்தான். நான் தேடியது உங்கள் விமானத்தை, கேப்டன் சார்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள். கொஞ்சம் எழுதியதும் திரும்பப் படிக்கச் சொல்கிறேன். "நான் என்ன மாமா, கூட்டியா எழுதிடப் போறேன்?" என்று முறைக்கிறாள். சந்தேகப் பிராணி என்று எனக்குப் பெயர் வைத்தவரே நீங்கள்தானே.

அறுபதுகளின் தொடக்கம் அது. கொள்ளிடத்துக்கு வடக்கே, லால்குடிப் பக்கம், சம்பாப் பயிருக்கு நீங்கள் மேலிருந்து மருந்து தூவினீர்கள். மூங்கிலில் வெள்ளைத் துணி கட்டி வயல் ஓரத்தில் நிற்பது என் வேலை. கொடியைக் குறி வைத்துத் தாழப் பறந்து வருவீர்கள். தலைக்கு மேல் கடந்ததும் நான் தள்ளிப் போய் நிற்பேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால், குளிக்காமல் உள்ளே வரக்கூடாது என்று என் பெண்டாட்டி கிணற்றடியிலேயே நிறுத்திவிடுவாள்.

கொள்ளிடத்தைத் தாண்டித் தெற்கே போகக் கூடாது என்று உங்களுக்கு உத்தரவு. தாண்டினால் திருச்சி விமான நிலையத்தாரின் ஆகாயம். அவர்களைக் கேட்டுத்தான் நுழைய வேண்டும். கேட்பதற்கு உங்கள் சின்ன விமானத்தில் ரேடியோவும் கிடையாது.

"ஆகாயத்துக்கும் வரப்பு உண்டாங்க?" என்று கேட்டேன்.

"உண்டுய்யா. கண்ணுக்குத் தெரியாது. அதான் வம்பு."

முதல் வருஷம் வரைபடத்தை முழங்காலில் நாடா போட்டுக் கட்டிக்கொண்டுதான் ஏறுவீர்கள். மறு வருஷம் அது மடிந்து இருக்கைக்கு அடியில் போனது. அதற்கப்புறம் இட்லிப் பொட்டலத்துக்கு விரிப்பானது. எனக்கு அது பிடிக்கவேயில்லை.

"படத்தைக் கட்டிக்கலீங்களா சார்?"

"கொள்ளிடத்துத் தண்ணி தெரிஞ்சா திரும்பிடுவேன். அதுக்கு எதுக்குய்யா படம்? கண்ணைக் கட்டி விட்டாலும் வந்து சேருவேன்."

"கண்ணைக் கட்டிக்கிட்டா தண்ணி எப்படிங்க தெரியும்?"

"போய்யா, சந்தேகப் பிராணி!"

மார்கழியில் ஒரு காலை. கொள்ளிடத்தில் தண்ணீர் இல்லை. வெறும் மணல், அதன் மேல் வெள்ளையாகப் பனி. நான் கரையோர வயலில் கொடியோடு நின்றேன். பனியில் என்னை நீங்கள் பார்க்கவில்லை. உங்கள் சத்தம் தலைக்கு மேலே வந்தது, தாண்டியது, தெற்கே போய்த் தேய்ந்தது. தண்ணீரைத் தேடிப் போகிறீர்கள் என்று எனக்குப் புரிந்துபோயிற்று. முதலில் தெரியப்போகும் தண்ணீர் காவேரி. அதைக் கொள்ளிடம் என்று நினைத்து, அதன் கரையோரமே என் கொடியைத் தேடுவீர்கள். கொடியை ஆட்டினேன், கத்தினேன். யாருக்குக் கேட்கும்?

அப்போது கிழக்கேயிருந்து ஜனங்கள் ஏறிய பெரிய விமானம் இறங்கி வரும் சத்தம். தணிந்துகொண்டே வந்த சத்தம் திடீரென்று ஓங்கி, மேலே போனது. நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வந்து இறங்கியபோது உங்கள் முகத்தில் ரத்தமே இல்லை. "காத்துய்யா. தள்ளிடுச்சு" என்றீர்கள். நான் கொடியைப் பார்த்தேன். துளிக் காற்றும் இல்லாமல் மூங்கிலோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

மத்தியானம் ஜீப்பில் அதிகாரி வந்தார். உங்கள் மேல் மோதாமல் பெரிய விமானம் மயிரிழையில் தப்பியதாம். நீங்கள் மறுபடியும் காற்று என்றீர்கள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"கொடி புடிச்சவன் நீதானே? காத்து அடிச்சுதா?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். உங்கள் லைசென்ஸ் என் வாயில் இருந்தது. அந்தப் பெரிய சத்தம் இன்னும் என் காதில் இருந்தது.

"கொடி தொங்கிச்சுங்க" என்றேன்.

லைசென்ஸைப் பறித்துக்கொண்டார்கள். நீங்கள் ஊரை விட்டுப் போனீர்கள். அந்தப் பார்வை மட்டும் என்னோடு தங்கிவிட்டது. கொடி ஆடியது என்று சொல்லச் சொன்ன பார்வைதான் அது என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

சில வருஷம் கழித்து, லைசென்ஸ் திரும்பக் கிடைத்த பிறகு, ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சேவிக்க வந்த நீங்கள் என் வீட்டைத் தேடி வந்தீர்கள். நீங்கள் எத்தனையோ தடவை நடந்த தெருதான். வழியில் கேட்டுக் கேட்டு வந்ததாகச் சொன்னீர்கள். டீக்கடைக்குப் போனோம். கேட்டே விட்டேன்.

"அன்னிக்கு என்னை ஏன் சார் அப்படிப் பார்த்தீங்க?"

டம்ளரைக் கீழே வைத்தீர்கள். "எனக்காகப் பொய் சொல்லிடுவியோன்னு பயமா இருந்துச்சுய்யா. சொல்லியிருந்தா மறுநாளும் படம் இல்லாமத்தான் ஏறியிருப்பேன்."

பேச்சு அழகாகத்தான் இருந்தது. ஆனால் சார், அப்படிப் பயந்தவர் இரண்டாம் தடவையும் எதற்குக் காற்று என்றீர்கள்? அதைக் கேட்க வாய் எழவில்லை. உங்கள் மகன் வந்து நீங்கள் காலமாகிவிட்டதாகச் சொன்னபோது முதலில் நினைவுக்கு வந்ததும் அந்தக் கேள்விதான். நீங்கள் சொன்னதை நம்ப எனக்கு ஆசை. இன்று வரை பாதிதான் நம்பியிருக்கிறேன்.

இப்போதும் திருச்சி போகும் பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறினால் கண்டக்டரைக் கேட்கிறேன்: "இது எந்த ஆறு தம்பி?"

"இத்தனை வயசு இங்கேயே இருந்துட்டு, காவேரி தெரியலையா பெரியவரே?" என்று சிரிக்கிறான்.

சிரிக்கட்டும். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நான் உட்காருகிறேன்.